காகம் ஒளித்த சோறு

நான் காகத்துக்குச் சோறு வைத்தேன். போன மாரிகாலம் முழுவதும், ஒருவருக்கும் தெரியாமல், என் தோட்டக் கொட்டிலுக்குப் பின்னால் கிடந்த ஒரு தட்டைக் கல்லின்மேல் வைத்தேன். அதனால் பக்கத்துத் தோட்டக்காரி ஒருத்தி தன் தோட்டத்தை இழக்கப் பார்த்தாள். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததன் காரணம் அதுதான். ஆனால் காகங்களைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் இருக்கும் எங்கள் ஆட்கள் என்னை ‘விஞ்ஞான மாஸ்டர்’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் சில வருடங்கள் இரசாயனவியல் படிப்பித்தேன். இங்கே வந்தபின் ஓய்வு பெறும்வரை கம்பி இழுக்கும் தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு முன்னால் நின்றேன். ஆனாலும் பெயர் போகவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு மலர்களில் என் கட்டுரை ஒன்று தவறாமல் வரும். கிரகண நேரத்தில் சாப்பிட்டால் ஒன்றும் நடக்காது, பல்லி சொல்வதற்கு அர்த்தம் இல்லை, இப்படி. காகத்தைப் பற்றியும் எழுதினேன். காகம் கண்டதையும் தின்னும் பறவை, பசித்தால் வரும், செத்தவர்களுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எழுதினேன். மேடையிலும் பேசினேன். கைதட்டினார்கள்.

என் மனைவி அந்தக் கூட்டத்தில் முன் வரிசையில் இருந்து கேட்டுவிட்டு, அடுத்த நாள் மத்தியானம் வழக்கம்போல பல்கணிக் கம்பியில் சோறு வைத்தாள். மூன்றாம் மாடி. நெல்லிக்காய் அளவு ஒரு உருண்டை, அவ்வளவுதான். வைத்துவிட்டு அங்கேயே நிற்பாள். காகம் வந்து எடுத்தபிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. நேரம் போயும் வராவிட்டால் உருண்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே வருவாள்.

“ஜெர்மன் காகத்துக்கு எங்கட செத்த ஆக்களைத் தெரியுமோ?” என்று கேட்பேன்.

“காகத்துக்குத் தெரியாட்டிப் பரவாயில்லை. எங்கட ஆக்களுக்கு வழி தெரியும். வருவினம்.”

“விசா?”

“நீங்கள் விசாவோடயோ வந்தனீங்கள்?”



ஒருமுறை இரண்டு பேரும் ஜெர்மனியின் கிழக்கே இருக்கும் ஹாலே நகரத்துக்குப் போனோம். அங்கே ஒரு பழைய அறநிலையத்தின் சுவடிக்கூடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கடிதங்களும் ஓலைகளும் இருக்கின்றன. பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அவளுக்குக் கால் உளைந்தது. முற்றத்து வாங்கில் இருந்துவிட்டாள். நான் வெளியே வந்தபோது என்னைக் கண்டு எழும்பி நின்று, “இஞ்சருங்கோ, இஞ்ச எங்கட ஊர்க் காகம் நிக்குது!” என்றாள். பார்த்தேன். கழுத்திலும் வயிற்றிலும் சாம்பல் நிறம் திட்டுத் திட்டாக இருந்த ஒரு காகம். எங்கள் ஹம்மில் உள்ளவை முழுக் கறுப்பு.

எங்கள் ஊர்க் காகம் வேறு இனம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது ஏன் இப்படி என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். ஐரோப்பாவின் மேற்கே கறுப்புக் காகம், கிழக்கே சாம்பல் உடம்புக் காகம். இரண்டுக்கும் நடுவில் எல்பே ஆற்றுப் பக்கமாக ஒரு ஒடுங்கிய பட்டையில் மட்டும் இரண்டும் கலந்தவை. கலந்தால் குஞ்சு பொரிக்கும், குஞ்சுக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டை அகலவில்லை. ஒவ்வொன்றும் தன்னைப்போலத் தோற்றம் உள்ளதையே துணையாகத் தேடுவதால் இருக்கலாம் என்கிறார்கள். வேலி இல்லை, மலை இல்லை, நடுவில் ஓடும் ஆற்றையும் ஒரு காகம் நொடியில் கடந்துவிடும். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. மனைவியிடம் சொன்னேன்.

அவள் மரக்கறி வெட்டியபடி, “எங்கட ஆக்கள் கலியாணம் பேசுற மாதிரி எண்டு சொல்லுங்கோ,” என்றாள்.

போன வருடக் கோடையில் அவள் போய்விட்டாள். சிறுநீரகம். முப்பத்தோராம் நாள் கிரியையை மகள் ஒழுங்கு செய்தாள். காகத்துக்குப் படைத்தபோது நான் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு தள்ளி நின்றேன். ஆட்கள் கூட்டமாக நின்றதால் ஒரு காகமும் கிட்ட வரவில்லை. “மனுசிக்கு மாஸ்டரோட கோவம் இன்னும் தீரேல்லை,” என்று யாரோ பகிடி விட்டார்கள். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

ரயில் பாதையோரம் கழகம் ஒன்று வாடகைக்குக் கொடுக்கும் சின்னத் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று எங்களுடையது. இலையுதிர் காலத்தில் அவள் இல்லாமல் முதல்தரம் அங்கே போனேன். வெங்காயப் பாத்தியைக் கொத்திப்போட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். வேலிக் கட்டையில் ஒரு காகம் வந்து இருந்தது. இடது சிறகில் ஒரு இறகு மட்டும் வெள்ளை. தலையைச் சரித்து என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தது. நான் ஒரு பிடி சோற்றை அள்ளி, கொட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோய் அந்தக் கல்லில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஏன் கொட்டிலுக்குப் பின்னால் என்று மட்டும் தெரியும். மேடையில் பேசியவனை ஒருவரும் பார்த்துவிடக் கூடாது.

அடுத்த நாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும். சோறு வைக்கத்தான் போகிறேன் என்று எனக்கே ஒப்புக்கொள்ள மனமில்லை. காகத்தை ஆராய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. நான் உண்மையாகவே அதில் ஊறிப்போனேன்.

தொப்பியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டது. கழுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போனேன். வேலியை விட்டு இறங்கவே இல்லை. துண்டை எடுத்ததும் இறங்கியது. முகத்தைத்தான் அது படித்து வைத்திருக்கிறது. அந்த வெள்ளை இறகு ஏன் என்று தேடினேன். குஞ்சாக இருந்தபோது சரியான தீன் கிடைக்காவிட்டால் அப்படி வரலாமாம். இவ்வளவு கெட்டித்தனமான பறவை சின்ன வயதில் பட்டினி கிடந்திருக்கிறது என்று நினைக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அடுத்த நாள் பிடியைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

பெரிதாக்கியதும் ஒரு புதுமையைக் கண்டேன். காகம் கொஞ்சத்தைத் தின்றது. மிச்சத்தைத் தொண்டைக்கு அடியில் ஒரு பை போலப் புடைக்கும்வரை அள்ளி அடைத்தது. பறந்து வேலிக்கு அப்பால் போய், நிலத்தை அலகால் குத்திச் சோற்றைக் கக்கி, மேலே ஒரு சருகை இழுத்து மூடியது. இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தது. சருகு சரியாக மூடவில்லைப் போலும். திரும்பி வந்து சீராக்கிவிட்டுப் போனது. வேறு காகம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒளிப்பதுபோல நடித்துவிட்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. நான் குளிரில் விறைத்தபடி கொட்டில் மூலையில் நின்று, படம் பார்க்கப்போன பிள்ளையைப்போல வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

பிறகு கடும் உறைபனி வந்தது. நிலம் கல்லாகிவிட்டது. காகம் இனி என்ன செய்யும் என்று யோசித்தேன். அது யோசிக்கவே இல்லை. நேரே பக்கத்துத் தோட்டத்துக் கொம்போஸ்ட் எருக் குவியலுக்குப் போனது. ஊரெல்லாம் உறைந்து கிடக்க, மெத்தென்று இருந்த இடம் அது ஒன்றுதான். குவியலின் ஓரத்தில் சோற்றைப் புதைத்தது. காகத்தின் புத்தியை எண்ணி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் குவியல் மன்னாரில் இருந்து வந்த ஒருத்தியுடையது. ஐம்பது கடந்தவள், முதியோர் இல்லத்தில் வேலை. தோட்டத்துக்காகப் பல வருடம் காத்திருந்து எடுத்தவள். தன் கொம்போஸ்டைப் பிள்ளையைப்போலப் பார்ப்பாள். கோப்பித் தூளும் மரக்கறித் தோலும் சருகும் அடுக்கு அடுக்காகப் போட்டு, நீளப் பிடி போட்ட தோட்ட முட்கரண்டியால் புரட்டி, காலையில் அதிலிருந்து ஆவி எழும்பினால் முகம் மலர்ந்துவிடும். என்னிடம் நீளத் தண்டு வெப்பமானி ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் வேலிக்கு மேலால் கூப்பிடுவாள்.

“மாஸ்டர், ஒருக்கா வந்து பாருங்கோ. காய்ச்சல் எவ்வளவு?”

நான் வெப்பமானியைச் செருகிவிட்டு நிற்பேன். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்று மூச்சுவிடும் சூடு அது என்று சொல்வேன். “அப்ப உள்ள ஒரு கலியாண வீடே நடக்குது,” என்பாள். அந்த மண்ணில்தான் அவள் பயற்றங்காய் போட்டாள். வருடா வருடம் முதலில் காய்த்த கொடியில் மட்டும் விதை எடுத்து, அதையே திரும்பப் போட்டு, இந்தக் குளிர் நாட்டுக் கோடைக்குள் காய்க்கும் கொடியை மெல்ல மெல்ல உண்டாக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச வருடம் போனால் யூலையிலேயே காய் பறிப்பன் என்பாள். தோட்டம் இல்லாவிட்டால் அந்த வேலை அப்படியே நின்றுவிடும்.

உறைபனி விட்ட கிழமையில் எலிகள் வந்தன. அந்தக் குவியலுக்கு அருகே வளை இருந்தது. கழகத் தலைவர், ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், பொல்லாதவர் அல்ல, வந்து குவியலைக் கிண்டினார். சமைத்த உணவு கொம்போஸ்டில் போடக் கூடாது என்பது எங்கள் கழகத்தின் முதல் விதி. வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. அவர் கிண்டிய இடத்தில் வெள்ளைச் சோறு இருந்தது.

அவர் போனபிறகு அவள் என் வேலியடிக்கு வந்தாள். வேலை உடுப்போடேயே நின்றாள்.

“மாஸ்டர், என்ர கொம்போஸ்டுக்க சோறாம். மடு மாதாவாணை நான் ஒரு பருக்கையும் போடேல்லை.”

“ஆர் சொன்னது?”

“தலைவர். எனக்கு முன்னாலதான் கிண்டிக் காட்டினவர். இந்த வரிசையில சோறு தின்னிற ஆக்கள் நானும் நீங்களும். நீங்கள் ஒழுங்கு விதி தெரிஞ்ச மனுசன். அப்ப கள்ளி ஆர்? நான்தானே.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “மார்ச்சில கூட்டமாம். அதுக்குள்ள எலி போகாட்டித் தோட்டத்தை எடுத்துப்போடுவினமாம். நீங்கள் படிச்சனீங்கள். ஏதாவது செய்து கண்டுபிடிச்சுத் தாங்கோ.”

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். காகம் அங்கே புதைத்ததை என் கண்ணால் கண்டவன் நான். ஆனால், கண்டது ஓரிரு தரம்தானே, அவர் கண்ட சோறு அதே சோறு என்பதற்கு நிரூபணம் எங்கே என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. விஞ்ஞானத்தின் குரல் என்று நினைத்துக்கொண்டேன்.

“பாப்பம் தங்கச்சி,” என்றேன்.

அடுத்த நாள் சோற்றில் மஞ்சள் போட்டு அவித்தேன். மஞ்சள் பட்ட வேட்டி லேசில் வெளுக்காது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சோறும் அப்படித்தான், நாலைந்து நாள் நிறம் நிற்கும். கல்லில் வைத்தேன். காகத்துக்குப் புதுப்பொருள் என்றால் பயம். பக்கவாட்டில் துள்ளித் துள்ளிக் கிட்ட வந்தது, பின்னுக்குப் பாய்ந்தது, மறுபடி வந்தது. கடைசியில் ஒரு பருக்கையைக் கொத்திவிட்டுக் காத்திருந்தது. சாகவில்லை என்று தெரிந்ததும் தொண்டையை நிரப்பிக்கொண்டு போனது.

மறுநாள் அவள் வேலையில் இருந்த நேரம், அவள் தந்த அனுமதியோடு, அந்தக் குவியலுக்கு முன் முழங்காலில் இருந்து சருகுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். ஒரு பூவரசமிலை அளவான சருகுக்குக் கீழே மஞ்சள் சோறு பளிச்சென்று கிடந்தது. எலி வளையின் வாசலிலும் இரண்டு பருக்கை. முதலில் எனக்கு வந்தது சந்தோசம். அதை மறைக்கக் கூடாது. பரிசோதனை பலித்துவிட்டது என்ற சந்தோசம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பும்வரைதான் அது இருந்தது.

அவள் பின்னேரம் வந்தாள். “ஏதும் தெரிஞ்சுதோ மாஸ்டர்?”

“இன்னும் வடிவாத் தெரியேல்லை,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. “வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பெட்டியை இதுக்குள்ள கொட்டியிருப்பாரோ தெரியாது. ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ.”

அவளுடைய கணவர் ஒரு களஞ்சியத்தில் மாறி மாறி நேரம் வேலை செய்பவர். வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்கு வந்து, சருகு மூட்டைகளை இழுத்துக் கொடுத்து, குவியலைப் புரட்டிக் கொடுப்பார். அந்தச் சனிக்கிழமை வேலிக்கு அப்பால் அவர்கள் பேசியது எனக்கு முழுக்கக் கேட்டது.

“உண்மையைச் சொல்லுங்கோ. நான் கட்டித் தாற சோத்தை எங்க கொட்டுறனீங்கள்?”

“வயித்துக்கதான். வேற எங்க?”

“பொய். மாஸ்டரே சொல்லிப்போட்டார்.”

“மாஸ்டர் என்ர வயித்துக்க பாத்தவரோ?”

“வேலையிடத்தில துருக்கிக்காரன்ர ரொட்டி வாங்கித் தின்னிறது எனக்குத் தெரியாதெண்டு நினையாதேங்கோ.”

“ஓம், ரொட்டியும் தின்னிறன். சோறும் தின்னிறன். ரெண்டையும் தின்னிறபடியாத்தான் இந்த வண்டி வயிறு! இதைப் பாத்துமோ நம்பேல்லை?”

நான் சிரித்துவிட்டேன். கேட்டுவிடுமோ என்று கொட்டிலுக்குள் போனேன். அடுத்த கிழமை அவர் தோட்டத்துக்கு வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் வரவில்லை. அவள் தனியாகச் சருகு மூட்டையை இழுத்துக்கொண்டு போனதை வேலிக்கு மேலால் பார்த்தேன்.

நான் சோறு வைப்பதையாவது விட்டேனா என்றால், விட்டேன், சில நாள். பெட்டியே கொண்டுபோகவில்லை. அந்த வெள்ளை இறகுக் காகம் கல்லில் வந்து நின்றது. கல்லை அலகால் தட்டியது. என்னைப் பார்த்தது. செத்தவர்கள் காகமாக வருவதில்லை என்று எழுதியவன் நான்தான். ஆனாலும் அந்தப் பார்வைக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்க என்னால் ஏலவில்லை. மறுநாள் பெட்டியோடு போனேன். நடந்ததில் எனக்கு ஆகக் கூடுதலாக வெட்கம் தருவது இந்த இடம்தான். தெரியாமல் செய்தது ஒன்று, தெரிந்தபிறகு மறுபடியும் செய்தது வேறு. என் மனைவிக்கு வைத்த சோற்றின் விலையை வேறொருத்தி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரி கடைசியில் எலி மறுபடி தெரிந்தது. குவியல் முழுவதையும் அள்ளி எறியும்படி தலைவர் சொல்லிவிட்டார். பெரிய இரும்புத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். அவள் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து, தனியாக முட்கரண்டியால் அள்ளித் தள்ளுவண்டியில் போட்டாள். தலைவர் எலிப்பெட்டியோடு பக்கத்தில் நின்றார். நான் உதவிக்குப் போனேன். வேறென்ன செய்வது? வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. இத்தனை மாதம் இருவரும் காய்ச்சல் பார்த்த குவியல்.

ஓரத்துச் சருகை அவள் புரட்டியபோது மஞ்சள் தெரிந்தது. குளிர்பெட்டியில் உறைய வைத்திருந்த மிச்ச மஞ்சள் சோற்றை அந்தக் கிழமைதான் நான் கல்லில் வைத்திருந்தேன்.

“இதென்ன?” என்று குனிந்தாள். இரண்டு பருக்கையை விரலில் எடுத்தாள். “மாஸ்டர், மஞ்சள் சோறு! நான் மஞ்சள் போட்டுச் சோறு ஆக்கிறேல்லை. அவருக்கும் கட்டிக் குடுக்கேல்லை. இது எங்கட இல்லை!” தலைவரிடம் ஜெர்மனில் அதையே பதற்றத்தோடு சொன்னாள்.

அவர் பொறுமையாக, “மஞ்சளோ வெள்ளையோ, எலிக்கு எல்லாம் ஒன்றுதான், அம்மா,” என்றார்.

அவள் அந்தப் பருக்கைகளை என்னிடம் நீட்டினாள். நான்தான் இதற்கு விளக்கம் சொல்வேன் என்று நம்பி நீட்டினாள்.

“சோறு என்னுடையது,” என்று தலைவரிடம் சொன்னேன். “நான் காகங்களுக்கு வைத்தேன். அவை இங்கே கொண்டுவந்து புதைத்தன. இந்த அம்மா ஒன்றும் போடவில்லை.”

“எதற்காக வைத்தீர்கள்?”

“என் மனைவிக்காக.”

அவர் என் மனைவி பறவைகளில் பிரியமானவள் என்று விளங்கிக்கொண்டார். தன் மனைவியும் சிட்டுகளுக்குக் கொழுப்புருண்டை கட்டுவாள் என்றார். விதி விதிதான், கூட்டத்தில் நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்றார். எலிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கொட்டில் பக்கம் போனார். ஜெர்மனில் அது அவ்வளவோடு முடிந்தது.

தமிழில் முடியவில்லை. அவள் முட்கரண்டியைக் குவியலில் குத்திவிட்டு நின்றாள்.

“எப்ப தெரியும்?”

“நீங்கள் கண்டுபிடிக்கச் சொல்லி ரெண்டாம் நாள். மஞ்சள் போட்டுப் பாத்தனான்.”

“அப்ப என்ர மனுசனைச் சொன்னது?”

“அதுக்குப் பிறகு.”

ஒரு ரயில் போனது.

“சோத்தை விடுங்கோ மாஸ்டர்,” என்றாள். “அக்காவுக்கு வைச்சனீங்கள். அதில நான் என்னத்தைச் சொல்ல? ஆனா அந்த மனுசன் இப்ப ஒவ்வொரு நாளும் வேலையால வந்து, சப்பாத்துக் கழட்ட முதல் பெட்டியைத் திறந்து என்ர முகத்துக்கு முன்னால காட்டுறார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நக்கித் துடைச்சுப்போட்டுக் கொண்டுவாறார். தெரியுமோ உங்களுக்கு?”

எனக்குத் தெரியாது.

“எனக்குச் சொன்னது காணாது. வந்து அவருக்குச் சொல்லுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசை முடிந்து வந்தபிறகு போனேன். அவர் கதவைத் திறந்து, “வாங்கோ மாஸ்டர்,” என்று இருத்தினார். தேத்தண்ணி வந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரைகள், மேடை, கொட்டில், கல், மஞ்சள், என் வாயால் அவர்மேல் போட்ட பழி. அவர் கடைசிவரை தேத்தண்ணியைக் குடிக்காமல் கேட்டார்.

“மாஸ்டர், ஒண்டு கேக்கட்டோ? காகம் ஒளிச்சு வைச்ச சோத்தைத் திரும்ப வந்து எடுக்குமோ?”

“கனக்க எடுக்கும். இடத்தை ஞாபகம் வைச்சிருக்கும்.”

“அப்ப அது உங்களைவிடத் திறம். நீங்கள் ஒளிச்சதை எடுக்க மார்ச் வரைக்கும் சென்றிருக்கு.”

அவள் உள்ளே இருந்து, “மார்ச் இன்னும் வரேல்லை,” என்றாள். எனக்காகப் பேசினாளா, கணக்குத் திருத்தினாளா என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எழும்பும்போது கையைத் தந்தார்.

கூட்டத்தில் என்னை எச்சரித்தார்கள். இன்னொரு முறை என்றால் தோட்டம் போய்விடும். அவளுடைய தோட்டம் அவளுக்கே இருக்கும் என்றார்கள். ஆனால் குவியல் போனது போனதுதான். இத்தனை வருடத்து மண் நகரத் தொட்டியில் போய்விட்டது. புதிதாக மூடி போட்ட பெட்டி வைக்கச் சொன்னார்கள். எலி தோண்டி வராமல் அடியில் விரிக்கக் கம்பி வலை வேண்டும். கம்பி எனக்குத் தெரிந்த சாமான். எலிப்பல் கடிக்காத தடிப்பில், சின்னக் கண் உள்ள வலையாகத் தேடி எடுத்து, அவள் கணவரும் நானுமாக விரித்து ஆணி அடித்தோம். சுத்தியலைக் கேட்டபோது தந்தார்.

இப்போது வீட்டு மரக்கறித் தோலை நான் வாளியில் கொண்டுபோய் அவளிடம் கொடுக்கிறேன். பெட்டி புதிது, சீக்கிரம் நிரம்ப வேண்டும். வாளியை வாங்கியதும் அவள் ஒரு தடியால் அடிவரை கிண்டிப் பார்ப்பாள்.

“சோறு இருக்கோ மாஸ்டர்?”

“இல்லை.”

“மஞ்சள்?”

நான் நிற்பேன். அவள் முழுக்கக் கிண்டி முடிக்கும்வரை நிற்பேன். பயறு முளைத்துக் கொடி விட்டது, ஆனால் போன வருடத்தைவிட மெலிவு. மண் போதாது என்கிறாள். வெப்பமானியைப் பற்றி அவள் இன்னும் கேட்கவில்லை.

காகங்கள் நாம் வைப்பதை எல்லாம் ஒளிப்பதில்லை என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. பசிக்கு மேலே உள்ளதைத்தான் ஒளிக்கின்றன. மனைவி வைத்தது நெல்லிக்காய் அளவு. ஒரு வாய். வந்த காகம் அங்கேயே தின்றுவிட்டுப் போகும், வராவிட்டால் அவள் திருப்பி எடுத்துவிடுவாள். எத்தனையோ வருடம் அந்தப் பல்கணியில் ஒரு எலியும் வரவில்லை. ஏன் இவ்வளவு கொஞ்சம், ஏன் அங்கேயே நிற்கிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. விசா உண்டோ என்றுதான் கேட்டேன்.

போன கிழமை என் மனைவியின் திவசம். மன்னார்க்காரியையும் கணவரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். வருவார்கள் என்று நினைக்கவில்லை, வந்தார்கள். மத்தியானம், எதிர் வீட்டு யன்னல்கள் எல்லாம் திறந்திருக்க, பல்கணிக் கம்பியில் ஒரு சின்ன உருண்டை வைத்தேன். வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். எதிர் வீட்டுப் புகைபோக்கியில் ஒரு காகம் இருந்தது. சிறகில் வெள்ளை உண்டோ என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. தோட்டத்துக் காகம் இவ்வளவு தூரம் வருமா என்பதை இனித்தான் வாசித்துப் பார்க்க வேண்டும்.

“மாஸ்டர்,” என்றாள் அவள், என் பின்னால் நின்று, மெதுவாக. “உண்மையாவே அக்கா வாறவ எண்டு நினைக்கிறீங்களோ?”

“தெரியாது தங்கச்சி.”

உள்ளே மேசையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. காகம் தலையைச் சரித்துப் பார்த்தது. வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

“மாஸ்டர்,” என்றார் அவள் கணவர், வயிற்றைத் தடவிக்கொண்டு. “அக்காவைக் கொஞ்சம் கெதியா வரச் சொல்லுங்கோ.”